அக்கரையில் எழுதிய ஐந்தாம் வகுப்பு

மணி, ராசம்மா, சின்னவனே, மூன்று பேரும் கேளுங்கள். இந்த வாரப் பத்திரிகையில் உங்கள் அம்மாவையும் பெரியக்கா செல்லம்மாவையும் பற்றி எழுதுகிறேன். அச்சாகி வந்ததும் அம்மா வழக்கம்போலப் படித்துக் காட்டச் சொல்லுவாள். அவள் முகம் மாறுகிற இடம் வந்தால் கொஞ்சம் வேகமாகப் படித்துவிடுங்கள்.

ஒரு பங்குனி மாதத்துச் சாயங்காலம். திருமணிமுத்தாற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பகலெல்லாம் காய்ந்த மணல் உள்ளங்காலில் இன்னும் சூடாக இருக்கிறது. மேற்குக் கரையில் நம் ஊர்ப் பெண்கள் கூட்டமாக நிற்கிறார்கள். கிழக்குக் கரையில் நானும் நாலு பிள்ளைகளும். அந்தக் கூட்டத்திலிருந்து உங்கள் அம்மா பாவாயி மட்டும் சோற்றுத் தூக்குப்போசியோடு மணலில் இறங்கி வருகிறாள்.

நடு ஆற்றில் ஒரு வேப்பங்குச்சி நட்டிருக்கிறது. அதற்கு அந்தப் பக்கத்திலேயே நின்று போசியை வைத்தாள். மேலே ஒரு கொத்து வேப்பிலையைப் போட்டாள். பின்னால் நகர்ந்து போய் நின்றுகொண்டாள். அதன் பிறகுதான் நான் போய் எடுக்க வேண்டும். கட்டிய மனைவிதான், ஆனாலும் கைக்குக் கை வாங்கக் கூடாது.

"ஏனுங்க, புள்ளைக்குக் காதுல துணி கட்டி உடுங்க. ஆத்துக்காத்து அவளுக்கு ஆவாது."

"கட்டி உட்டுட்டுத்தான் இருக்கறேன்."

"பொய் சொல்லாதீங்க. நேத்துக் கட்டலைன்னு அவளே கரையில இருந்து கத்துனா."

சண்டை போட்டுக்கொண்ட குடும்பம் என்று வழியில் போகிறவர்கள் நினைத்திருப்பார்கள். சண்டை இல்லை. ஒரு பரீட்சை. அதைச் சொல்ல வேண்டுமானால் முட்டையிலிருந்து தொடங்க வேண்டும்.

கடைசிப் பேர்

அந்தக் காலத்தில் நம் ஊர்ப் போர்டு பள்ளிக்கூடத்துக்கு முட்டைப் பள்ளிக்கூடம் என்று பெயர்.

வருஷக் கடைசியில் டிப்டி இன்ஸ்பெக்டர் அக்கரை ஊரில் முகாம் போடுவார். சுற்றுவட்டாரத்துப் பள்ளிக்கூடங்களின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளெல்லாம் அங்கே போய்ப் பரீட்சை கொடுக்க வேண்டும். முடிந்ததும் சாவடி முன்னால் எல்லா ஊர்க்காரர்களையும் வைத்துக்கொண்டு முடிவைப் படிப்பார்கள். அதிகம் பேர் தேறிய பள்ளிக்கூடம் முதலில். நம் ஊர்ப் பேர் வருவதற்குள் பாதிக் கூட்டம் வண்டி பூட்டிக் கிளம்பியிருக்கும். கடைசிப் பேர், அதற்குப் பக்கத்தில் ஒரு பூஜ்யம்.

மூன்று வருஷம் தொடர்ந்து அப்படித்தான். சந்தைக்குப் போனால் அக்கரைக்காரர்கள் விடமாட்டார்கள்.

"ஏப்பா, உங்க பள்ளிக்கூடத்துல வாத்தியாரு பாடம் நடத்தறாரா, இல்ல அடைகாக்கறாரா?"

நம் பிள்ளைகள் மந்தம் இல்லை. கடலை பிடுங்குகிற மாதத்தில் வகுப்பில் வாத்தியாரும் கரும்பலகையும் மட்டும்தான் இருப்பார்கள். கடலை முடிந்தால் பருத்தி. பருத்தி முடிந்தால் யார் வீட்டிலாவது கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்ஸ்பெக்டர் தலையை எண்ண வருகிற நாளில் மட்டும் பிள்ளைகளைக் கடலைக்காட்டிலிருந்து அள்ளிக்கொண்டு வந்து உட்கார வைப்போம். காலெல்லாம் செம்மண்ணோடு இருக்கும். அதைப் பார்த்தே அவருக்குத் தெரிந்துவிடும்.

நாலாவது வருஷம் வாத்தியார் வீடு வீடாக வந்து சொன்னார். இந்தத் தடவையும் ஒருவரும் தேறவில்லை என்றால் ஐந்தாம் வகுப்பை எடுத்துவிடுவார்களாம். நாலோடு சரி. மேலே படிக்க வேண்டுமென்றால் ஆற்றைத் தாண்டி அக்கரைக்குப் போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஆறு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆண்பிள்ளையை அனுப்பவே யோசிப்பார்கள். பெண்பிள்ளையை யார் அனுப்புவார்கள்?

மூணு வரைக்கும் இருக்குது

இங்கே என் கதை கொஞ்சம்.

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். நான் நின்றதற்குக் காரணம் வறுமை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்கள் அய்யனுக்குக் கிணறும் இருந்தது, ஏரும் இருந்தது. அப்போது நம் ஊர்ப் பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்பு வரைதான். அவ்வளவுதான் காரணம்.

நாலாம் வகுப்புக்கு எங்கே போவது என்று கேட்டேன். அய்யன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மூணு வரைக்கும் இருக்குது, மூணு படிச்ச. அப்பறம் என்ன?"

அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஊரில் எதுவரை இருக்கிறதோ அதுவரைதான் பிள்ளைக்குப் படிப்பு என்று எல்லாரும் நினைத்த காலம். நாற்றங்கால் அளவுக்குத்தானே நாற்று? ஆனால் அன்றைக்குச் சிலேட்டைப் பரண் மேல் போட்டபோது அது உடைந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இந்த எழுத்தில் பிழை இருந்தால் பத்திரிகைக்காரர்கள் திருத்திப் போட்டிருப்பார்கள். அதையும் மீறி இருந்தால், அது பரண் மேல் போன நாலாம் வகுப்பின் பிழை.

ஆகவே வாத்தியார் வந்து சொன்னதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. செல்லம்மா அந்த வருஷம் ஐந்தாம் வகுப்பு. நீங்கள் யாரும் பிறக்கவில்லை. ஆனாலும் பிறக்கப் போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் யோசித்தேன்.

கம்பம்

பரீட்சைத் தேதி வந்தது. மாரியம்மன் பண்டிகைக்கு நடுவில் வந்து விழுந்தது.

வெளியூர்க்காரர்கள் இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பண்டிகை கம்பத்தில்தான் இருக்கிறது. மூன்று கிளையாகப் பிரிந்த மரத்தை வெட்டி வந்து, மஞ்சள் பூசி, வேப்பிலை சுற்றி, அம்மன் கோயில் முன்னால் நடுவார்கள். அன்றிலிருந்து காலையும் மாலையும் பெண்களும் பிள்ளைகளும் குடம் குடமாகக் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். பொழுது சாய்ந்தால் ஆண்கள் சலங்கை கட்டி அதைச் சுற்றி ஆடுவார்கள். பொங்கல் வைத்து, கம்பத்தைப் பிடுங்கி ஆற்றில் போட்டு, மஞ்சள் தண்ணீர் ஊற்றி விளையாடினால் பண்டிகை முடிந்தது. கம்பம் நட்டதிலிருந்து பிடுங்குகிற வரைக்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவரும் ஆற்றைத் தாண்டக் கூடாது. ஆறுதான் எல்லை. கல்யாணமோ இழவோ, எதுவானாலும் சரி.

வாத்தியார் கோயிலுக்கு வந்தார். அவர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், பேச்சு கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். "தேதிய மாத்தச் சொல்லி எழுதிப் போட்டுப் பாத்துட்டேன். எல்லா ஊருக்கும் ஒரே தேதின்னுட்டாங்க" என்றார்.

பூசாரி வேப்பிலை உருவிக்கொண்டிருந்தார். "அப்ப ஆத்தாளத் தேதி மாத்திக்கச் சொல்லீருவமா வாத்தியாரே?"

எல்லாரும் சிரித்தார்கள். வாத்தியார் பாவம், தலை குனிந்துகொண்டார். நான் முன்னால் போனேன்.

"நாலே புள்ளைங்கதானுங்க பூசாரியண்ணா. இந்த வாட்டி முட்டை வாங்குனா கிளாசே போயிருமாம்."

"நாலுல ஒண்ணு எம் பேரன். தெரியுமில்ல? மாரப்பன் இந்த வருசந்தான் முதமுதல்ல காலுல சலங்கை கட்டறான். அத உட்டுட்டுப் பரீட்சைக்குப் போன்னு நானே சொல்லுவனா?"

அதற்குமேல் பேச என்ன இருக்கிறது? நான் வேட்டியை உதறிக்கொண்டு திரும்பினேன். பூசாரி வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு கம்பம் நடுகிற குழியைப் பார்த்தார். பிறகு மெள்ளச் சொன்னார்.

"இருப்பா, போவாத. கம்பம் நட்ட பொறகு ஆத்தத் தாண்டப்படாது. அதான கட்டு? நடறதுக்கு முன்னாலயே தாண்டிப் போனவனுக்கு அந்தக் கட்டு கெடையாது."

எல்லாரும் நிமிர்ந்து பார்த்தோம்.

"ஆனா அதே கட்டு அந்தப் பக்கமும் உண்டு. போனவங்க கம்பம் எடுக்கற வரைக்கும் ஊருக்குள்ள கால் வெக்கப்படாது. பொங்கச்சோறு நடுவூட்டுல உக்காந்து திங்க முடியாது. ஆட்டம் கெடையாது. கம்பத்துக்கு ஒரு செம்புத் தண்ணி ஊத்த முடியாது. செரின்னா கூட்டிட்டுப் போங்க."

"கூட ஆரு போறது?" என்று யாரோ கேட்டார்கள். வாத்தியார் போவார், அவர் கடமை. ஆனால் பெண்பிள்ளைகளும் இருக்கிறார்கள், ஊர் ஆள் ஒருவர் வேண்டும். ஆளாளுக்குப் பக்கத்து ஆளைப் பார்த்தார்கள். வருஷத்துக்கு ஒரு பண்டிகை.

"நான் போறனுங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்தால் செய்தி எனக்கு முன்னாலேயே வந்திருந்தது. உங்கள் அம்மா அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்.

"கம்பத்துக்குத் தண்ணி ஊத்தாத வருசம்னு ஒண்ணு எம் புள்ளைக்கு வரோணுமா? ஆத்தா கோவிச்சுக்கிட்டா?"

"பூசாரியே சொல்லிட்டாரு பாவாயி."

"பூசாரிக்கென்ன. ஒத்தையில ஊடு காக்கறது நானு." அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினாள். பிறகு, "அங்க சோத்துக்கு என்ன பண்ணுவீங்க?" என்றாள். சம்மதித்துவிட்டாள் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

கடலைக் கொட்டகையில்

கம்பம் நடுகிற அன்று காலையிலேயே வண்டி கட்டினேன். வண்டியில் நாலு பேர். செல்லம்மா, பூசாரி பேரன் மாரப்பன், தறிக்காரர் மகள் அங்கம்மா, பழனி. பழனி எதையாவது தின்றுகொண்டே இருப்பான். அக்கரையில் எனக்குத் தெரிந்த ஒருவர் கடலை மூட்டை போடுகிற கொட்டகையைக் காலி செய்து கொடுத்தார். மூலையில் கொஞ்சம் கடலை மிச்சம் கிடந்தது. பழனி வந்த பிறகு அதுவும் காலி.

பூசாரியே ஆற்று மணலில் இறங்கி, நடுவில் அந்த வேப்பங்குச்சியை நட்டுவிட்டுப் போனார். அம்மாக்கள் அதுவரை வரலாம், நாங்களும் அதுவரை போகலாம். ஒருநாள்கூடத் தவறாமல் சோறு வந்தது. கம்பம் நட்டால் நம் ஊரில் யாரும் தாளிக்க மாட்டார்கள். அந்தத் தாளிக்காத குழம்பை ஒரே போசியைச் சுற்றி உட்கார்ந்து நாலு பேரும் வழித்துத் தின்றார்கள். அக்கரைச் சாப்பாடு இருந்தும் அதைத் தொட மாட்டார்கள்.

பொழுது சாய்ந்தால் மேளம் தொடங்கிவிடும். ஆற்றைத் தாண்டி நன்றாகவே கேட்கும். வாத்தியார் அரிக்கேன் விளக்கை நடுவில் வைத்து வாய்ப்பாடு சொல்லச் சொல்லுவார். மாரப்பனின் கால் மேளத்துக்குத் தட்டிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் நாலு பேரும் அந்த அடிக்கே வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். ஏழெட்டு ஐம்பத்தாறு என்கிற இடத்தில் மாரப்பன் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உட்காருவான். வாத்தியார் முதல்நாள் அதட்டினார். மறுநாள் அவர் விரலும் சிலேட்டில் தாளம் போட்டது.

பூகோளத்துக்கு ஒரு பாட்டு மாதிரி உண்டு. ஒன்றாம் வகுப்பிலிருந்தே நம் பிள்ளைகள் கூட்டமாகக் கத்துவது. "எங்கள் ஊருக்குக் கிழக்கே ஆறு, மேற்கே ரோடு, வடக்கே ஏரி, தெற்கே கரடு." காட்டில் களை பறிக்கும்போதுகூட அது காதில் விழும்.

ஆறு எந்தத் திசை?

பரீட்சை சாவடிக்கு முன்னால் புளியமரத்தடியில் நடந்தது. எழுத்தும் கணக்கும் ஒரு நாள், வாய்க்கேள்வி மறுநாள். இன்ஸ்பெக்டர் கோட்டுப் போட்டவர், வேர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கெட்டவர் இல்லை. பிள்ளைகள் நடுங்கினால் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். நான் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாய்க்கேள்வியில் செல்லம்மாவின் முறை வந்தது. பாவாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆறு எந்தத் திசையில் இருக்கிறது, அம்மா?"

பிள்ளைகளே, அவளுக்குத் தெரியாததா? மூச்சு விடாமல் சொன்னாள். "கிழக்கேங்க!"

அக்கரைப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். ஆறு எதிரேதான் வெயிலில் வெள்ளையாகக் கிடக்கிறது. மேற்கே. அவள் நிற்பது அக்கரை என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. நாள் முழுக்க நம் ஊரையே நினைத்துக்கொண்டிருந்த பிள்ளை, நம் ஊரில் நின்றுகொண்டே பதில் சொல்லியிருக்கிறாள்.

"நன்றாகப் பார்த்துச் சொல்" என்றார் அவர்.

அவள் ஆற்றைப் பார்த்தாள். சூரியனைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. அடுத்துக் கேட்ட மனக்கணக்குக்கும் வாய் திறக்கவில்லை. ஏழெட்டு என்று கேட்டார். மேளத்துக்குச் சொன்ன ஏழெட்டு.

பின்னால் வந்த மாரப்பனிடம் அதே கேள்வி. அவன் பூசாரி பேரனாயிற்றே, குரல் கணீரென்று வந்தது. "எங்கூருக்குக் கெழக்கேங்க, இந்த ஊருக்கு மேக்கேங்க!" இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார்.

கொட்டகைக்கு வரும் வழியில் செல்லம்மா அழவில்லை. "அய்யா, ஆறு நம்மூருக்குக் கெழக்கதான?" என்று மட்டும் கேட்டாள்.

"கெழக்கதான் சாமி" என்றேன்.

நடு ஆற்றில்

மறுநாள் சாவடி முன்னால் முடிவு படித்தார்கள். முதலில் அக்கரைப் பள்ளிக்கூடம், பிறகு இன்னொன்று. வண்டி பூட்டப் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், ஏனென்றால் நடுவிலேயே நம் ஊர்ப் பேர் வந்துவிட்டது. தேறியவர்கள் மாரப்பன், அங்கம்மா. பழனியும் செல்லம்மாவும் தேறவில்லை. பழனி, "எனக்கு முன்னாலயே தெரியுமுங்க" என்று சொல்லிவிட்டு ஒரு கடலையை உடைத்தான்.

வாத்தியார் துண்டால் முகத்தைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். ஐந்தாம் வகுப்பு தப்பிவிட்டது.

ஆனால் ஊருக்குள் போக முடியாதே! கம்பம் எடுக்க இன்னும் நாள் இருக்கிறது. அன்று சாயங்காலம் கரைக்குப் போனோம். மேற்குக் கரையில் பெண்கள் மட்டும் இல்லை, அன்றைக்குப் பாதி ஊரே நின்றது. பூசாரியும் இருந்தார். உங்கள் அம்மா போசியை வைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றாள்.

"என்னாச்சுங்க?"

"கிளாசு போவலை. மாரப்பனும் அங்கம்மாவும் பாசு!" என்று கத்தினேன். அந்தக் கரையில் ஒரே கூச்சல். மேளக்காரர் ஒருவர் அடித்தே விட்டார். பூசாரி மட்டும் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

உங்கள் அம்மா கூச்சல் அடங்கும்வரை காத்திருந்தாள். அப்புறம் கேட்டாள். "நம்ம புள்ளை?"

 இவ்வளவு பேர் நடுவில் எப்படிக் கத்திச் சொல்லுவது? போசியை எடுக்கிற சாக்கில் குனிந்தேன். அதற்குள் கரையிலிருந்து செல்லம்மா மணலில் ஓடி வந்தாள். வேப்பங்குச்சிக்கு முன்னால் சட்டென்று நின்றாள். ஒரு கால்கூடத் தாண்டவில்லை.

"நான் தேறலீங்கம்மா! ஆறு கெழக்கேன்னு சொல்லிட்டேன்!"

மூச்சு வாங்கிக்கொண்டு அவளே மறுபடியும் கத்தினாள்.

"கிளாசுதான் இருக்குதில்லம்மா? வார வருசமும் நான் அஞ்சாங்கிளாசே படிக்கறேன்!"

உங்கள் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இந்த இடத்தைத்தான் வேகமாகப் படிக்கச் சொன்னேன். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்.

"செரி சாமி. வெல்லம் போட்டுப் பச்சைமாவு இடிச்சு வெச்சிருக்கறேன், காஞ்சு போறதுக்குள்ள தின்னு. காதுல துணிய உங்கய்யன் கட்டலைன்னா நீயே கட்டிக்க."

அடுத்த வருஷம் பண்டிகை பரீட்சைக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. செல்லம்மா கம்பத்துக்கு வேண்டிய மட்டும் தண்ணீர் ஊற்றிவிட்டு அக்கரைக்குப் போய்த் தேறிவிட்டு வந்தாள். ஆறு எந்தத் திசை என்று அந்தத் தடவை யாரும் கேட்கவில்லையாம். அவளுக்கு அதில் இன்றைக்கும் குறைதான். அவளுக்குப் பின்னால் அந்த ஐந்தாம் வகுப்பில் நீங்கள் மூன்று பேரும் படித்தீர்கள்.

ஒன்று பாக்கி. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வருஷம் கம்பம் எடுத்து, மஞ்சள் தண்ணீர் ஊற்றி முடிந்த பிறகு நாங்கள் ஊருக்குள் வந்தோம். மறுநாள் உச்சிவெயிலில் கோயில் பக்கம் போனேன். ஆள் அரவம் இல்லை. கம்பம் நின்ற குழியை மண் போட்டு மூடியிருந்தார்கள். அந்த இடம் மட்டும் மஞ்சளாக இருந்தது, வாடிய வேப்பிலை வாசம் அடித்தது.

கோயில் கிணற்றில் நீர் சேந்தினேன். மாரப்பனுக்கு ஒரு குடம் ஊற்றினேன், அங்கம்மாவுக்கு ஒன்று, பழனிக்கு ஒன்று. செல்லம்மாவுக்குத் தளும்பத் தளும்ப ஒன்று. மண் அவ்வளவையும் குடித்துவிட்டது.

போகலாம் என்று திரும்பினேன். அப்புறம் கயிற்றை இன்னொரு தடவை கிணற்றில் விட்டேன். மூன்றாம் வகுப்போடு சிலேட்டைப் பரண் மேல் போட்ட ஒரு பையனுக்காக அந்தக் குடத்தையும் மெள்ள, முழுக்க ஊற்றினேன்.